சோப்பு மணக்கும் பனி

நாகர்கோவிலில் கார் கழுவும் கடையைத் தாண்டும்போது நுரை மணந்தால் எனக்கு இன்றும் கிறிஸ்துமஸ்தான். அப்பாவின் வேலைக்காக நாங்கள் பினாங்கில் இருந்த வருடங்களில், ஜார்ஜ் டவுன் கடலோரத்தில், இப்போது இடித்துவிட்ட ஒரு பேரங்காடியின் முற்றத்தில், டிசம்பர் முழுக்கச் சாயங்காலங்களில் கூரையிலிருந்து சோப்பு நுரையைப் பனியாகப் பொழியவிடுவார்கள். வியர்த்து வழிந்தபடி நானும் தங்கையும் கைகளை விரித்துக்கொண்டு அதில் நிற்போம். ஊர் ஏக்கத்தில் அம்மா ஒரு வருடம் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூடக் கட்டவில்லை, எங்கள்கூட எங்கேயும் வரவும் இல்லை. அதனால் தங்கை அவளுக்காகத் தன் சாப்பாட்டு டப்பாவில் பனியைப் பிடித்து மூடினாள்.

"தொறக்காதே லா தங்கச்சி, கரைஞ்சிரும்," என்றார் அங்கே காவலுக்கு நின்ற தமிழ் அண்ணன், அந்த ஊர் 'லா'வோடு, கொஞ்சமும் சிரிக்காமல்.

பஸ்ஸில் வழி முழுக்க அவள் டப்பாவை மடியில் அணைத்தபடியே வந்தாள். வீட்டில் அம்மா திறந்தபோது அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் இருந்தது. தங்கைக்கு உதடு பிதுங்கியது. அம்மா அந்தச் சொட்டை விரலால் தொட்டாள். உடனே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எம்மா, என்ன குளுரு மக்ளே!" என்றாள். பிறகு நடுங்கியபடியே, நட்சத்திரத்தை எடுத்துவரச் சொன்னாள்.