தெஹ்ரான் உடன்படிக்கையும் என் பரீட்சையும்

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசிக்கு மருமகளாக வந்தேன். பி.ஏ. வரலாறு பாதியில் நின்றிருந்தது. நிச்சயதாம்பூலத்தன்று என் அப்பா, "பிள்ளை பிரைவேட்டா பரீட்சை எழுதணும்னு ஆசைப்படுதா" என்று கேட்டதற்கு மாமனார் தாராளமாகச் சொன்னார்: "எழுதட்டும். வீட்டுக்கு இடைஞ்சல் இல்லாம இருந்தாச் சரி." அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

பாடத்தில் ஆங்கிலேயரும் பாரசீகரும் செய்துகொண்ட தெஹ்ரான் உடன்படிக்கை இருந்தது. ஐரோப்பிய நாடு ஏதாவது பாரசீகத்தின்மேல் படையெடுத்தால் ஆங்கிலேயர் படையோ பணமோ தந்து உதவ வேண்டும். பாரசீகமே சண்டையைத் தொடங்கினால் உதவி கிடையாது. பிறகு ரஷ்யாவோடு போர் வந்தபோது, தொடங்கியது நீங்கள்தான் என்று சொல்லி ஆங்கிலேயர் கையை விரித்துவிட்டார்கள். அம்மிக்குப் பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் எது இடைஞ்சல் என்று தீர்மானிக்கிறவர் மாமியார்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எங்கள் வீடு சத்திரம். எங்கெங்கோ இருக்கிற உறவெல்லாம் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து இறங்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு அகோரப் பசியோடு திரும்பும். என் பரீட்சையோ செப்டம்பரில். ஜூனிலிருந்து அடுப்படியைவிட்டு நான் வெளியே வந்ததாக ஞாபகமே இல்லை. குற்றாலம் மூன்று மைல்தான். அந்த வருஷம் ஒரு நாள்கூட அருவியைப் பார்க்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் என் அப்பாவே சித்தப்பா குடும்பத்தோடு வந்து நின்றார். எனக்காகப் பேச ஆள் வந்துவிட்டது என்று போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் விடிந்ததும் அவர்கள் அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் பாளையங்கோட்டைக்கு ரயில் பிடிக்க ஹால் டிக்கெட்டோடு கூடத்தில் வந்து நின்றேன்.

மாமியார் கோபப்படவே இல்லை. "போகாதேன்னு யாரு சொல்லுதா? உங்க வீட்டு ஆளுகதானே வந்திருக்காக. சோத்தைப் பொங்கிப் போட்டுட்டுப் போயேன்" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். வாக்கு வாங்கியவர் அவர். ஒரு வார்த்தை போதும். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே, "அத்தை சொல்லுததும் நியாயந்தானம்மா. மார்ச்ல எழுதிக்கிடலாம்" என்றார்.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாமியாரிடம் சண்டை போட்டிருப்பேன். அப்பாவிடம் எப்படிப் போடுவது?

மதியம், மற்றவர்கள் பாளையங்கோட்டையில் பதில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா இலை முன்னால் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் போட்டேன்.