இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

என் அம்மா ஜெயபாய்க்கு நாற்பத்தாறு வயது. முழங்கால்களுக்கு மட்டும் எழுபது. கல்யாணமாகி மார்த்தாண்டத்திலிருந்து எல்லை தாண்டிக் கழக்கூட்டத்துக்கு வந்தபோது, ஒரு ஐ.டி. கம்பெனிக்கு ஆறு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா அதில் செங்கல் சுமந்தாள். கட்டி முடித்ததும் அதே படிகளைத் துடைக்கச் சேர்ந்தாள். பதினெட்டு வருடமாகத் துடைக்கிறாள். படிகள் தேயவில்லை.

இந்த வருடம் அவளை சூப்பர்வைசர் ஆக்கினார்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று. பதவி நிலைத்தால் லிஃப்டில் போய் மேற்பார்வை பார்க்கலாம். நிலைக்காவிட்டால் பழையபடி வாளி, மாப்பு, படி.

நிலைக்க ஒரு நிபந்தனை இருந்தது. மேனேஜர் சத்தியதாஸ், தலைமைப் பண்பை வளர்க்கும் பத்துப் புத்தகங்களுக்குப் பட்டியல் வைத்திருந்தார். அதில் ஒன்றைப் படித்துவிட்டு, மூன்றாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் பத்து நிமிடம் பேச வேண்டும். அம்மா கைக்கு வந்தது ஓர் இங்கிலீஷ் புத்தகம். அட்டையில் கோட்டுப் போட்ட ஒருவன் மலையுச்சியில் நின்றான். கோட்டோடு எப்படி ஏறினானோ.

அம்மா தமிழ் நன்றாக வாசிப்பாள். மலையாளம் பஸ் போர்டு அளவுக்கு. இங்கிலீஷ் புத்தகத்தில் அவளுக்குப் புரிவது பக்க எண்கள்தான். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவள். ஆனால் ஃபோனில் கேம் விளையாடும்போது இங்கிலீஷில் கத்துவேன். அதை அம்மா நம்பிவிட்டாள்.

“ஏட்டி ஜெஸ்லின், தெவசம் ஒரு பாடம் வாசிச்சு எனக்குச் சொல்லு.”

சாயங்காலம் வந்ததும் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை முக்கிக்கொண்டு உட்காருவாள். நான் ஃபோன் கேமராவைப் பக்கத்தின் மேல் காட்டுவேன். “உங்கள் பார்வையை அணியோடு சீரமைக்கவும்” என்று ஃபோன் தமிழில் சொல்லும். அம்மா தூங்கிவிடுவாள். இரண்டு பாடம் இப்படி ஓடியது. எனக்கு அலுத்துப்போய், மூன்றாம் பாடத்தை நானே எழுதிவிட்டேன்.

“கீழ உள்ள ஒருத்தர் நிக்கியது வரைக்கும் தலைவர் இருக்கப்பிடாதாம், அம்மா.”

சத்தியதாஸ் சார் உட்காராமல் நாள் முழுக்க நிற்பதை நினைத்தேன், சிரிப்பாக வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

“நல்ல காரியமில்லா எழுதியிருக்கான்.”

நான் ஒன்றை யோசிக்கவில்லை. ஆறு மாடியில் பதினொரு பெண்கள் துடைக்கிறார்கள். எந்த நேரமும் எங்காவது ஒருத்தி நின்றுகொண்டுதான் இருப்பாள். சோற்றுக்குக்கூட இரண்டு கூட்டமாகத்தான் போவார்கள்.

பத்தாம் நாள் மத்தியானம், கூட வேலை பார்க்கும் சிஜி சேச்சி அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

“எடி, நின்றெ அம்மைக்கு வட்டாணோ? பத்து திவசமாயி ஒன்னு இருந்நிட்டில்ல!”

அம்மாவுக்குப் பைத்தியமா என்று கேட்டாள். வேலை இடத்தில் பத்து நாளாக உட்காரவே இல்லையாம், சோற்றையும் நின்றுகொண்டே தின்றாளாம்.

“நீ சும்மா கெட சிஜி. புக்குல உள்ளதைத்தான் செய்தேன்,” என்றாள் அம்மா. முழங்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கியிருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. பொய் என்று சொன்னால் பேச அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். எண்ணெயைச் சூடாக்கி முழங்காலில் தேய்த்தேன்.

“அம்மா, கடைசிப் பாடம் இன்னிக்குத்தான் வாசிச்சேன். மூணாம் பாடம் புது ஆளுக்கு உள்ளதாம். பழகின ஆளு இருக்கணுமாம். மாடிக்கு ஒரு நாற்காலி போட்டு, மணிக்குப் பத்து நிமிசம். தலைவர் இருந்தாத்தான் மத்தவங்களுக்கும் இருக்கத் தைரியம் வருமாம்.”

“எத்தனாவது பக்கம்?”

“இருநூத்திப் பன்னெண்டு.”

அம்மா புத்தகத்தை எடுத்துக் கடைசித் தாளைப் புரட்டினாள்.

“இதுல நூத்தித் தொண்ணூத்தாறு பக்கம்தான மக்களே உண்டு.”

என் கை நின்றுவிட்டது. அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். மற்ற முழங்காலை என் பக்கம் நகர்த்தினாள்.

“செரி. மிச்சத்தையும் சொல்லு.”

வெள்ளிக்கிழமை நடந்ததை சிஜி சேச்சிதான் ஃபோனில் சொன்னாள். அம்மா நாற்காலி கேட்டு வாங்கி, உட்கார்ந்துதான் பேசினாளாம். மலை ஏறியவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நூற்று முப்பத்திரண்டு படிகள், பதினொரு பேர், உட்கார ஓரிடம் இல்லை, கக்கூஸ் கதவில் சாய்ந்து நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று மலையாளத்தில் சொன்னாளாம். இது எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று சத்தியதாஸ் கேட்டாராம்.

“மூணாவதையும் கடைசியையும் சேர்த்து வாசிக்கணும் சாரே.”

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டாராம்.

மாடிக்கு ஒன்றாக ஆறு நாற்காலி கேட்டதற்கு இரண்டு வந்தன, ஒன்றுக்குக் கை இல்லை. அம்மாவின் பதவி நிலைத்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள் பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பதவி நிலைத்தவர்கள் மாதம் ஒன்று படிக்க வேண்டுமாம். பழையதைவிட இரண்டு மடங்கு தடி. அட்டையில் ஒருவன் தனியாகப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா வெந்நீரில் காலை முக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எத்தன பக்கம் உண்டுன்னு மொதல்ல பாத்துக்க.”