பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு

புக்கிட் தெங்காவில் பிளாஸ்டிக் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷஹீதாவுக்கு எச்.ஆர். பிரிவில் வேலை. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை இறக்கியபோது, அவர்களிடம் பேச ஒருத்தி வேண்டும் என்றுதான் அவளை எடுத்தார்கள். வீடு இருந்த ஜார்ஜ்டவுனிலிருந்து காலையில் பெர்ரி ஏறிக் கடலைத் தாண்டிப் போவாள். கணவர் ஹக்கீம் கிராப் டாக்சி ஓட்டினார். ஒரு மாத வருமானம் மறுமாதம் இருக்காது. அவளுடைய வேலையும் ஆறு மாதக் காண்ட்ராக்ட்தான். அது முடிய மூன்று மாதமே இருந்தபோதுதான் தணிக்கை வந்தது.

பொருளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், தொழிலாளர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்க்க கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் அதிகாரியை அனுப்பியிருந்தது. அந்த அம்மாள் கூட்டி வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். உடனே மேனேஜர் ரேமண்ட், ஷஹீதாவை மொழிபெயர்க்க உட்காரச் சொன்னார். அறைக்குள் போகுமுன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

“உன்னோட ரினியூவல் என் மேசைமேலதான் இருக்கு. இன்னிக்கு கொஞ்சம் பார்த்துப் பேசு லா.”

“என்னா பாஸ் பார்த்துப் பேசறது?”

“அவனுங்க சொல்றத எல்லாம் அப்படியே சொல்லணும்னு இல்ல. சுருக்கிச் சொல்லு. உனக்குத் தெரியாதா?”

முதலில் வந்த தொழிலாளர்கள் கம்பெனி சொல்லிக்கொடுத்தபடியே பேசிவிட்டுப் போனார்கள். சாப்பாடு சரி, தங்குமிடம் சரி, குறை ஒன்றுமில்லை. ஷஹீதாவுக்கு மூச்சு சீராக வந்தது. அடுத்து பக்கிரிசாமி வந்தான். வேதாரண்யம் பக்கத்து ஆள். மோல்டிங் மெஷினில் வேலை. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று அதிகாரி கேட்டதை அவள் தமிழில் சொன்னாள். அவன் அதிகாரியைப் பார்க்காமல் இவளையே பார்த்தான்.

“நெசத்த சொல்லலாமாக்கா?”

கதவுக்கு வெளியே ரேமண்டின் செருமல் கேட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதிகாரிக்குப் புரியப் போவதில்லை.

“உங்க வாயி, நீங்கதான் பேசணும்,” என்றாள்.

“பாஸ்போர்ட்டு கம்பெனி ஆபீஸ் பெட்டியில கெடக்கு. எங்கம்மா செத்தப்பக்கூடத் தரல. ஞாயித்துக்கெழமையும் வேலதான். ஆனா ஓவர்டைம், அந்த ஓ.டி.ய மட்டும் கொறச்சிட வேணாம்னு சொல்லுங்கக்கா. வெறும் அடிப்படைச் சம்பளத்துல, இங்க வர ஏஜென்ட்டுக்குக் குடுத்த கடனே அடையாது.”

ஷஹீதா எதையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரியின் பேனா வேகமாக ஓடியது. கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒருவேளை காதில் விழவில்லையோ என்று அதை மட்டும் மறுபடி சொன்னாள். அந்த அம்மாள் இதமாகச் சிரித்தார். சட்டப்படி உள்ள குறைந்தபட்சச் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கிறது, அது போதுமா என்று கேட்பது எங்கள் வேலை இல்லை என்றார்.

அன்று முழுக்க ரேமண்ட் அவளிடம் பேசவில்லை. வீட்டில் ஹக்கீம், “சுருக்கிச் சொல்லியிருந்தா என்னா?” என்று மட்டும் கேட்டார். அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை. அதனாலேயே அவள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

அறிக்கை வந்தது, இதையெல்லாம் திருத்தாவிட்டால் ஆர்டர் நின்றுபோகும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. பாஸ்போர்ட்டுகள் எல்லாரிடமும் திருப்பித் தரப்பட்டன. ஞாயிறு விடுமுறை. ஓ.டி. பாதிக்கு மேல் போயிற்று. அடிப்படைச் சம்பளம் மட்டும் அப்படியே நின்றது. தொழிலாளர் விடுதிக்கு அவள் போகும்போதெல்லாம், முன்பு “அக்கா, பசியாறிட்டீங்களா?” என்று இவள் ஊர்ப் பேச்சில் கேட்டுச் சிரித்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கிரிசாமி மட்டும் எழுந்து வந்தான். “நீங்க சொன்னதுல தப்பில்லக்கா. நான்தானே வாயத் தொறந்தேன். ஆனா ஊருக்குப் பணம் அனுப்பி ரெண்டு மாசமாச்சு.”

“நான் ஆபீஸ்ல பேசிப் பார்க்கறேன் தம்பி.”

பேசினாள். “ஓ.டி. கூட்டினா ஆர்டர் போவும், சம்பளம் கூட்டினா வெல ஏறி ஆர்டர் சீனாக்காரன்கிட்ட போவும். நான் என்னா செய்ய லா?” என்றார் ரேமண்ட். அவர் முகத்திலும் தூங்காத களைப்பு.

அடுத்த திங்கட்கிழமை பக்கிரிசாமி வேலைக்கு வரவில்லை. கட்டில் காலி. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அதிகச் சம்பளம் தரும் கட்டுமான வேலைக்கு யாரோ கூப்பிட்டதாகப் பேச்சு. ஓடிப்போன ஆள் என்று கம்பெனி குடிநுழைவுத் துறைக்குப் புகார் கொடுத்தது. அவனுடைய வேலை பெர்மிட் ரத்தானது. அந்தப் புகாரைத் தட்டச்சு செய்தவள் ஷஹீதா.

அவளுடைய காண்ட்ராக்டைப் புதுப்பித்துவிட்டார்கள். வந்த அதிகாரி அவளைப் பாராட்டி எழுதியிருந்தாராம். அடுத்த தணிக்கைக்கும் அவளே உட்கார வேண்டும் என்று ரேமண்ட் சொன்னபோது, வேலை தப்பியதில் சந்தோஷப்பட முடியாமல் தலையாட்டினாள்.

சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் சோதனை, சட்டவிரோதத் தொழிலாளர்கள் கைது என்று செய்தி வந்தால், பெர்ரியில் நின்றபடியே படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். வரிசையில் குந்தியிருப்பவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து முகத்தை மறைத்திருப்பார்கள்.

ஒருநாள் பெர்ரியில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. ‘அக்கா வேலைல இருக்கேன். எங்கன்னு கேக்காதீங்க.’ கையிலிருப்பது கம்பெனி கொடுத்த போன் ஆயிற்றே என்ற பயத்தில் அவள் உடனே அழித்தாள். மறுகரையில், பட்டர்வொர்த்தில் இறங்கும்போதுதான், அந்த எண்ணை எங்கும் குறித்துக்கொள்ளவில்லை என்பது உறைத்தது.