தலை தட்டிய அரைச் சுண்டு

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, நான் சாப்பாட்டோடு அறை எடுத்திருந்த வீட்டுக்கார அக்காவுக்குச் சிரிப்பில்லாத முகம். அரிசி அளந்தால், சுண்டுப் பேணிக்கு மேலே நிற்கும் குவியலை விரலால் வழித்துத் தட்டிவிடுவா. ஒரு அரிசிமணி கூடுதலாகப் போகாது.

மகளுக்குப் பின்னக் கணக்கு ஏறவில்லை. ஒருநாள் அக்கா குசினி அடுப்படியிலேயே பேணியும் கையுமாகப் பாடம் தொடங்கினா.

“ஆளுக்கு அரைச் சுண்டு. வீட்டில ஆறு பேர். எவ்வளவு போடோணும்?”

“மூண்டு சுண்டு அம்மா.”

“ஓம். அப்பப்பா செத்துப்போனால்?”

பிள்ளை பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்தது. அதன் அப்பப்பா, அக்காவின் மாமனார், அங்கேதான் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காது மட்டும் நல்ல கூர்மை.

“சொல்லடி!” அக்கா அகப்பையை ஓங்கினா.

“ரெண்டரை எண்டு சொல்லு பிள்ளை, அடி வாங்காதை,” என்றது அறைக்குள்ளிருந்து இழுத்த குரல்.

“பார், அவருக்கே விளங்குது,” என்றா அக்கா.

மத்தியானம் அவவே மாமனாரை நிமிர்த்தி இருத்தி, மீனில் முள் பார்த்து, சோறு குழைத்து ஊட்டினா. இந்த மனுசியை வெறுக்கவும் எனக்கு ஏலாமல் போனது. பாதியில் அவர் முகத்தைத் திருப்பினார்.

“காணும் பிள்ளை, போதும்.”

“உங்களுக்கெண்டு அளந்தது மாமா. இருக்கிற வரைக்கும் நீங்கள்தான் முடிக்கோணும்.”