தண்ணீர் படக் கூடாத கல்

எங்கள் அப்பா ஒருவரையும் லேசில் நம்ப மாட்டார். கொட்டாஞ்சேனையில் வீட்டோடு சேர்த்து நகைப் பட்டறை வைத்திருந்தவர். யாராவது நகையைக் கொண்டுவந்து நீட்டினால், முதலில் நகையைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவரின் நெற்றியைப் பார்ப்பார், வியர்க்கிறதா என்று. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கும் பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன். ஆனால் ஏழு வயதில் பித்தளை எது, பொன் எது என்று எட்ட நின்றே சொல்லிவிடுவேன். அந்தக் கண் அப்பா தந்தது. அந்தக் கண்ணால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாதவர். கலியாணம் பேசுவதும் வேண்டாம் என்பதும் அப்பாவின் கையில். வந்த இரண்டு இடமும் அப்பாவின் சந்தேகத்தால் தட்டிப்போக, சித்திக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. மூன்றாவதாக வந்தவர் புத்தளத்துக்கு உள்ளே, தப்போவைப் பக்கம் குளத்து வேலையை மேற்பார்க்கும் ஓவசியர். ஞாயிற்றுக்கிழமை காலை தனியாக வந்தார். பழம் இல்லை, இனிப்பு இல்லை. பேப்பரில் சுற்றி ஒரு கல்லைக் கொண்டுவந்தார்.

செங்கல் அளவு இருக்கும். சாம்பல் நிறம். புத்தகத்தைத் திறப்பது போல இரண்டாகப் பிரித்தார். இரண்டு பக்கத்திலும் ஒரே இலை. நடுவில் ஒரு நரம்பு, இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகச் சின்ன இலைகள். ஒரு பக்கம் புடைத்திருந்தது, மற்றப் பக்கம் குழிந்திருந்தது.

அப்பா விரலால் தடவிப் பார்த்தார். "வடிவாய் வார்த்திருக்கு. அச்சு எங்கை வெட்டுவிச்சது, தம்பி?"

"வார்க்கேல்லை அண்ணை. மண் வெட்டேக்கை வந்தது. முந்தி அங்கை ஆறு பெருகிப் பாய்ஞ்ச இடமாம். வெள்ளம் வேகமாய் வந்தால் மணலைப் போடும், ஓய்ஞ்சு நிண்டால் சேத்தைப் போடும். மணல், சேறு, மணல், சேறு எண்டு அடுக்கடுக்காய்க் கிடக்குது. சேத்துக்கை அம்பிட்ட இலை இது. பாறை ஆராய்ச்சி செய்யிற ஒருத்தர் வந்து பாத்திட்டு, இந்த இலை இருந்த காலத்திலை பூப் பூக்கிற மரமே இல்லையெண்டு சொன்னவர்."

"பூவே இல்லையோ? அப்ப கலியாணத்துக்கு மாலை என்னத்திலை கட்டினவை?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வந்தவரும் சிரித்தார். கோபிக்காத ஆளை அப்பா இன்னும் கூடுதலாகச் சந்தேகிப்பார்.

அவர் புறப்படும்போது சித்தி கல்லை வாங்க முன்னால் வந்தார். அப்பா என் பக்கம் கண்ணைக் காட்டினார். என்ன பேசுகிறார்கள் என்று போய்க் கேள் என்று அர்த்தம். நான் சித்தியின் சேலையோடு ஒட்டி நின்றேன். வந்தவர் சித்தியிடம் மெதுவாகச் சொன்னார்: "தண்ணி மட்டும் பட விடாதையுங்கோ. இது சூளையிலை வெந்த மண் இல்லை. மேலை மேலை சேறு ஏறி, அந்தப் பாரத்திலை இறுகினது. தண்ணி குடிச்சால் திரும்பவும் சேறாய்ப் போடும்."

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். தண்ணீர் படக் கூடாதாம் என்பதை மட்டும் சொன்னேன். மிச்சம் நீளமாக இருந்தது.

அப்பாவுக்கு அதுவே போதும். எங்கள் தொழிலில், இதை உரசாதே, இதில் தண்ணீர் படவிடாதே என்று யாராவது சொன்னால் அது முலாம் பூசின சரக்குத்தான். வேறு கதையே கிடையாது.

அடுத்த நாள் காலை அம்மாவும் சித்தியும் கோயிலுக்குப் போனதும் அப்பா வாளியில் தண்ணீர் நிரப்பினார். "உண்மைக் கல்லெண்டால் குளிச்சிட்டு வரட்டும்" என்று இரண்டு துண்டையும் இறக்கினார்.

குமிழி குமிழியாக வந்தது. ஓரம் உதிர்ந்தது. பிறகு கல் தாள் தாளாகக் கழன்றது. முதலில் மேலே இருந்த இலை போயிற்று. கள்ளனைப் பிடித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். அப்போது பெரிய துண்டிலிருந்து ஒரு தாள் தனியாக விலக, உள்ளே இன்னொரு இலை தெரிந்தது. சின்னது, என் சுண்டுவிரல் நீளம். அதே சீப்புப் பல்.

"அப்பா, உள்ளுக்கையும் வைச்சிருக்கிறான்" என்றேன்.

அப்பா குனிந்தார். எதையும் பார்த்தவுடன் விலை சொல்லும் மனுஷர், அன்று வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டார். அவர் விரல் பட முன்னமே அது கலைந்துவிட்டது.

இப்போது வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறேன். மேல் மாடிப் பிள்ளை கம்பஸில் மண்ணும் பாறையும் படிக்கிறாள். தப்போவையில் அப்படிப் பாறை இருப்பது மெய்தான் ஆச்சி, டைனோசர் காலத்து இலை எல்லாம் அதற்குள் இருக்கிறது என்றாள். அவளையும் இரண்டு தரம் குறுக்குக் கேள்வி கேட்டுத்தான் விட்டேன்.

அன்று கோயிலால் வந்த சித்தி வாளியைப் பார்த்தார். அப்பா பட்டறைக்குள் இருந்தபடியே சொன்னார்: "சேறு, பிள்ளை. கொண்டுவந்த ஆளும் அப்பிடித்தான். வேண்டாமெண்டு சொல்லி விடுறன்."

"சரி அத்தான்" என்றார் சித்தி. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அவர் சொன்னதை அப்பாட்டைச் சொன்னனியோ?"

"ஓம். தண்ணி படக் கூடாதெண்டு சொன்னவர் எண்டு சொன்னனான்."

"ஏன் படக் கூடாதெண்டும் சொன்னவரெல்லோ?"

"அதைச் சொல்லேல்லை."

சித்தி என்னை ஏசவில்லை. பட்டறை கூட்டின மண்ணை அரித்துப் பொன் துகள் எடுக்கும் தட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தினார். வாளிச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்து, ஆட்டி, தெளிந்த தண்ணீரை ஊற்றி, விரலால் தடவிப் பார்த்தார். வெயில் உச்சிக்கு வந்தும் எழும்பவில்லை.

"பொன் கிடக்கோ, சித்தி?"

"இல்லை. ஒரு நரம்பாவது மிஞ்சியிருக்கோ எண்டு பாக்கிறன். நீ போ."

நான் போய் அப்பாவிடம், சித்தி இன்னும் தேடுகிறா என்று உளவு சொன்னேன். அப்பா ஊதுகுழலைக் கீழே வைத்தார். கிணற்றடிப் பக்கம் பார்த்தார். எழும்பிப் போகவில்லை.

உள்ளே இருந்த இலையைப் பற்றிச் சித்திக்கு அப்பா சொல்லவில்லை. யாராலும் கொண்டுபோய் வைக்க முடியாத இடத்தில் அது இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பா மறைப்பதை நானும் மறைக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, எவ்வளவு நல்ல பிள்ளை நான் என்று நினைத்தபடி, சித்தி தட்டை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.