ஐந்தாம் இலக்கத்தில் இரண்டு பேர்

நேற்று ஹட்டனிலிருந்து டயகம போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கைப் பெண், மகள் கட்டாரிலிருந்து அனுப்பிய குரல்பதிவை பஸ் முழுக்கக் கேட்கும்படி போட்டுக்கொண்டு வந்தார். அன்று வைத்த கறியிலிருந்து எஜமானியின் தலைவலி வரை, எங்கேயும் திக்காமல் ஒரே ஓட்டமாக ஓடியது. எனக்கு ஏனோ சூடேறிய தூசியின் வாசம் வந்தது.

பழைய கணினியின் வாசம் அது. தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டனில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மழை நாட்களில் பிள்ளைகள் கணினியின் பின்பக்கம் கையை நீட்டிக் குளிர்காய்வார்கள். அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டவன் நான். ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை என்று தலை கொஞ்சம் கனத்திருந்தது. கேட்காதவர்களுக்கும் விளக்குவேன், முடி வெட்டுபவர்கூடத் தப்பவில்லை.

ஒருநாள் பாக்கியம் வந்தார். டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மகள் சாந்தி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு கடைக்காரர் அவள் பேச்சைப் பதிந்து எங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தார். போட்டேன்.

"அம்மா நா... அம்மா நா... அம்மா நா..."

"என்னங்க சார், புள்ளைக்குத் திக்குவாய் வந்திருச்சா?" பாக்கியம் சிரித்தார்.

"பதிவு பழுதுங்க. அங்கயே கெட்டுப்போச்சு."

சோதித்துப் பார்க்கவே இல்லை. என் லினக்ஸில் குறை இருக்கும் என்று நினைக்க மனம் வரவில்லை.

"பரவாயில்லீங்க. இன்னுங் கொஞ்ச நேரம் ஓட விடுங்க சார்."

வகுப்புக்கு நேரமாகிறது என்று நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் தூசி தட்டுவதற்காக, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் கார்டைக் கழற்றி வைத்தேன். சும்மா அந்தப் பதிவைத் தட்டினால், சாந்தி கடகடவென்று பேசுகிறாள்! தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் ராமாயி என்று கூப்பிட்டதும் இரண்டு பெண்கள் "இருக்கேங்க" என்றால், மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒருத்திக்குத்தான் பேர் போடுவார். மற்றவள் வெயிலில் நின்றதெல்லாம் வீண். அதே கதை. ஒலியைத் தரும் சவுண்ட் கார்டும் நெட்வொர்க் கார்டும், இன்டரப்ட் என்ற அழைப்பு இலக்கங்களில் ஐந்தாவதிலேயே, லினக்ஸின் மையமான கெர்னலைக் கூப்பிட்டிருக்கின்றன. "இந்தத் துண்டு முடிந்தது, அடுத்ததைக் கொடு" என்ற சவுண்ட் கார்டின் குரல் கெர்னலுக்கு எட்டவில்லை. சவுண்ட் கார்டு கையிலிருந்த துண்டையே சுற்றிச் சுற்றி வாசித்தது. கார்டில் இலக்கத்தைக் குறிக்க ஜம்பர் என்று கடுகளவு மூடி ஒன்று இருக்கும். அதை இடம் மாற்றிக் குத்தி, நெட்வொர்க் கார்டைப் பத்தாம் இலக்கத்துக்கு அனுப்பினேன். அவ்வளவுதான் வேலை.

ஆள் அனுப்பிப் பாக்கியத்தை வரவழைத்தேன்.

"அம்மா, நாந்தான் சாந்தி. ஞாயித்துக்கெழம காலையில அக்கரப்பத்தனை கம்யூனிகேஷன் கடையில வந்து நில்லுங்க. அன்னைக்கு மட்டுந்தான் மேடம் போன் தருவாங்க."

அந்த ஞாயிறு போய்விட்டிருந்தது.

பாக்கியம் திட்டவில்லை. "கடையில போன் அடிச்சுக்கிட்டே கெடந்திருக்கும்ல சார்?" என்று மட்டும் கேட்டார்.

"மெஷின் கோளாறுங்க," என்றேன். என் அவசரம் என்று சொல்லவில்லை.

இப்போது இலக்கங்களைக் கெர்னலே பங்கிட்டுக் கொடுக்கிறது. ஜம்பரைக் கண்ட பிள்ளைகள் இல்லை. அந்தக் கம்யூனிகேஷன் கடையில் போன் உறை விற்கிறார்கள். பாக்கியமும் இல்லை. அந்தக் கோளாறை வேண்டுமென்றே வரவழைக்க நினைத்தாலும் இன்றைய கணினி எதுவும் இடம் தராது. அன்று அது தானாக வந்தது. மகள் விடாமல் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடச் சொல்லித் தாய் கேட்டார். நான்தான் நிறுத்தினேன்.