வராத மூன்றாவது கேசட்

நேற்று மாலை நாலு பத்துக்குத்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. குற்றாலத்தில் தோழி வீட்டு மாடியில் தன் பேண்டோடு பாட்டுப் பயிற்சி என்று போன மகளின் செல்போன் அணைந்திருந்தது. அந்தத் தோழியை அழைத்தேன். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். "அவ மூணு மணிக்கே கெளம்பிட்டாளே அங்கிள்" என்றாள். அங்கிருந்து தென்காசியில் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் கால் மணி நேரம்தான். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று செய்தி வேறு.

வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். "செத்த உக்காருங்க, தரை தேஞ்சிரும்" என்றாள் மனைவி. சொன்னவள் ஏற்கெனவே களைந்த அரிசியை மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

எதற்கென்று தெரியாமல் அலமாரியைத் திறந்தேன். ஈரவாடையோடு பழைய கேசட்டுகள் இரண்டு. இங்கிலாந்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்த பாட்டுக் குழு. கிடாரை இரைச்சலாக வாசித்துக்கொண்டு, தூக்கம் கலையாத குரலில் பாடுவார்கள். பாதி வார்த்தை புரியாது. கல்லூரி நாளில் எனக்கு வேறு பாட்டே கிடையாது. மகளுக்கு இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவனும் நான்தான்.

அவர்களைப் பார்த்து நாங்களும் நாலு பேர் சேர்ந்தோம். சீசனில் ஒரு லாட்ஜ் ஹாலில் முதல் நிகழ்ச்சி. குற்றாலம் வந்துவிட்டு எண்ணெய் தேய்க்காமல் போவதா என்று, மேடையேறும் முன் உடம்பு முழுக்கத் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றோம். அப்புறம் கிடார் கம்பியில் விரல் நிற்கவேயில்லை. "ஏலே, மீன் புடிக்கியா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். எங்கள் குழுவின் ஆயுள் அந்த ஒரு பாட்டு.

இங்கிலாந்துக்காரர்களின் மூன்றாவது கேசட்டுக்காக வாராவாரம் கடைக்குப் போவேன். "வந்தா ஒளிச்சா வைக்கப் போறேன்? போலே" என்பார் கடை அண்ணாச்சி. இரண்டு வருடம் கேட்டேன். பிறகு ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். நான் கடையில் கேட்கத் தொடங்கும் முன்பே அவர்கள் பிரிந்துபோயிருந்தார்கள். சேர்ந்து மூன்றே வருடம். ஊர் ஊராகப் போகையில் ஒருவன் நடுவழியில் வேனிலிருந்து இறங்கிவிட்டான், அவ்வளவுதான்.

நேற்று என்னை உட்காரவிடாமல் செய்தது அதுதான். முடிந்துபோனது தெரியாமல் காத்துக்கிடந்து பழகியவன் நான்.

அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து வந்துசேரும் செய்தி என்று இன்று எதுவும் இல்லை. ஆனாலும் நேற்று ஒன்றரை மணி நேரம் என் மகள் எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஐந்து நாற்பதுக்கு கேட் திறந்தது. தோளில் கிடார் பை, கையில் அறுந்த செருப்பு, மழையில் தெப்பமாக நனைந்து மகள். திட்ட வைத்திருந்ததை விட்டுவிட்டு கிடார் பையை வாங்கிக்கொண்டேன்.

"பேண்ட் கலைஞ்சிட்டுப்பா" என்றாள். "பஸ்ஸுல அழுதா எல்லாரும் பாப்பாங்கல்லா. அதான் நடந்தே வந்தேன்."